வாசற்படியின் உயரம்

சில ஆண்டுகளுக்கு முன்பு திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலைப் பற்றி நாம் ஒரு கட்டுரை எழுதியிருந்தோம். கருவறைக்கு முன்னுள்ள எருக்கந்தூண்கள், தொண்டைமான் கதை, தாங்குதளத்தின் உறுப்புகள் என்று வழக்கம்போல் நீண்டுபோன கட்டுரை. அதைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர் மடல் அனுப்பியிருந்தார். பாராட்டு இரண்டு வரி. அதன்கீழ் ஒரே ஒரு கேள்வி. "வாயிலிலிருந்து கருவறை வரை எத்தனை படிகள் ஏறி இறங்க வேண்டும்?"

நண்பர் ஆவடியில் வசிப்பவர். பல ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இயங்குபவர். கோயில் அவர் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லை. குறிப்பேடுகளைப் புரட்டினோம். உபானம் இவ்வளவு, ஜகதி இவ்வளவு, குமுதம் இவ்வளவு என்று சென்டிமீட்டர் கணக்கில் எழுதி வைத்திருந்தோம். படிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. படிகள் இருந்தன என்பதே நினைவில் இல்லை. ஏறியவர்களும் நாம், ஏறியது நினைவில் நில்லாதவர்களும் நாமே!

மறுவாரமே போய் எண்ணிவந்து பதில் எழுதினோம். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. ஊரை அளந்து எழுதி வைக்கும் பழக்கம் இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அத்தனை அளவைகளிலும் வாசற்படியின் உயரம் எங்கேனும் இடம்பெற்றதுண்டா? தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

சோழர் காலத்திலிருந்து தொடங்குவோம். முதலாம் இராஜராஜர் காலத்தில் நாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்டதையும், அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்ற பெயர் வழங்கியதையும் வாசகர்கள் அறிவர். வேலி, மா, காணி, முந்திரிகை என்று இறங்கி, முந்திரிகைக்கும் கீழான பின்னங்கள் வரை கணக்கிட்டார்கள். கொடை நிலமாயின், எல்லையை வகுக்க ஒரு சடங்கே உண்டு. பெண் யானையொன்றை எல்லை நெடுகிலும் நடத்தி, அது சுற்றிவந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் அளிக்கப்பட்டதைக் கூறும் லெய்டன் செப்பேடுகளில் இதைக் காணலாம். கிழக்கெல்லை இந்த வாய்க்கால், தெற்கெல்லை இன்னாருடைய நிலம் என்று விவரிக்கும் பகுதிகளைப் படிக்கும்போது, கூடவே நடப்பது போன்ற உணர்வு எழும். தாளில் வரையாத வரைபடம் என்றே அதைச் சொல்லலாம். நடந்து பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடியது அது. ஆனால் அளந்ததன் நோக்கம் வரியும் வரிவிலக்கும். ஆகவே விளைகின்ற நிலம் ஏட்டில் ஏறியது, வாசற்படி ஏறவில்லை.

அடுத்து எங்கள் வட்டாரத்துக்கே வருவோம். 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். கையில் வந்த சீமையில் என்ன இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டாமா? 1767இல் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அளக்கத் தொடங்கினார். 1774 வரை நீண்டது பணி. சென்னையைச் சுற்றியுள்ள ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள் அதில் அடங்கின. ஒவ்வோர் ஊரிலும் எத்தனை வீடுகள், ஏரியின் பரப்பு என்ன, நன்செய் எவ்வளவு, யார் யாருக்கு மானியம் என்பதெல்லாம் எழுதப்பட்டன. பர்னார்டு எழுதியது ஆங்கிலத்தில். அவருக்கு அடிப்படையாக அமைந்ததோ ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் எழுதிய ஓலைகள். அந்த ஓலைகளைத் தேடி எடுத்து ஆராயத் தூண்டுகோலாக இருந்தவர் காந்தியச் சிந்தனையாளர் தரம்பால். திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்குகள் 2001இல் நூலாகவும் வெளிவந்தன. வண்ணார், நாவிதர், மருத்துவர், வெட்டியார் என்று ஊருக்கு உழைத்த ஒவ்வொருவரும் அந்த ஓலைகளில் வருகின்றனர். வீடு எண்ணப்பட்டது. வீட்டு வாசல் எண்ணப்படவில்லை.

பின்னர் வந்தவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரலில் பரங்கிமலையருகே நூறடி நீள எஃகுச் சங்கிலியைத் தரையிலிட்டு, ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கிருந்து தொடங்கி இமயம் வரை சென்றது. அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றப்போய், கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்த கதை தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே நமக்கு வேண்டியவர் லாம்டனின் வாரிசான ஜார்ஜ் எவரெஸ்ட். 1823இல் லாம்டன் இறந்தபின் பணியை ஏற்ற எவரெஸ்ட், காட்டுக் காய்ச்சலின் விளைவாகக் கைகால் வலுவிழந்திருந்தார். விண்மீன்களை நோக்கும் கருவியின் முன்னிருந்த இருக்கையில் அவரை இருவர் தூக்கி இறக்கவும், வேலை முடிந்தபின் தூக்கி எடுக்கவும் வேண்டியிருந்தது. அந்நிலையிலும் அவர் அளப்பதை நிறுத்தவில்லை.

இதைப் படித்தபோது சற்று நேரம் பேச்சற்றுப் போனோம். இந்திய வரைபடத்தின் ஒரு பகுதி, தானாக நடக்க இயலாத ஒருவரால் அளக்கப்பட்டது! ஆனால் அவருக்குத் தூக்கிவிட ஆளிருந்தது. எனவே படி அவருக்கும் ஒரு தகவலாகத் தோன்றவில்லை. எவருக்குத் தூக்கிவிட ஆளில்லையோ, அல்லது தூக்கப்படுவதில் விருப்பமில்லையோ, அவருக்கே படியின் உயரம் செய்தியாகிறது. அத்தகையவர்களின் கையில் வரைபடம் வருவதற்கு இன்னும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்ற இளைஞர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திட்டத்தைத் தொடங்கினார். விக்கிப்பீடியாவை எல்லோரும் எழுதுவதுபோல் உலக வரைபடத்தை எல்லோரும் வரையலாம். வரைந்தது எல்லோருக்கும் சொந்தம். 2008இல் கூகுள் நிறுவனம் மேப் மேக்கர் என்ற வசதியைக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியதில் இந்தியப் பொறியாளர்களுக்குப் பெரும் பங்குண்டு. நம்மவர் பலர் தங்கள் தெருவை முதன்முதலில் கணினியில் வரைந்தது அதில்தான். ஆனால் வரைந்த தரவு நிறுவனத்துக்குச் சொந்தம். 2017இல் அந்த வசதி மூடப்பட்டது.

இதற்கிடையே சட்டத்தின் கண்ணும் வரைபடக்காரர்கள்மீது விழுந்தது. 2013இல் கூகுள் நடத்திய மேப்பத்தான் போட்டியில் பாதுகாப்புத் தொடர்பான இடங்களும் குறிக்கப்பட்டன என்று இந்திய நில அளவைத் துறை காவல்துறையில் புகார் செய்தது. 2016இல் வெளியான ஒரு சட்ட வரைவு, உரிமமின்றி நிலத் தகவலைச் சேகரித்தால் நூறு கோடி ரூபாய் வரை அபராதமும் ஏழாண்டு வரை சிறையும் விதிக்கலாம் என்றது! நல்லவேளையாக அது சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரி 15 அன்று வெளியான நெறிமுறைகள் நிலைமையைத் தலைகீழாக்கி, வரைபடம் வரைய முன் அனுமதி தேவையில்லை என்றன. விலக்கப்பட்ட பண்புகளின் பட்டியல் மட்டும் நிலைத்தது. ஆவடிக்காரர்களுக்கு இதன் பொருள் நன்றாக விளங்கும். ஊரின் பெரும்பகுதி பாதுகாப்புத் துறையின் மதிலுக்குள் இருக்கிறது. 1961இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. (ஆவடி என்ற பெயரே இத்தொழிற்சாலையைக் குறிக்கும் ஆங்கில முதலெழுத்துகளின் சேர்க்கை என்று ஒரு கதை உலவுகிறது. சோஷலிச பாணிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்த காங்கிரஸ் மாநாடு 1955இல் ஆவடியில் நடந்தபோது டாங்கித் தொழிற்சாலையே கிடையாது என்பதை நினைவிற் கொள்க!) சுவரையும் பள்ளத்தையும் ஏறிக் கடக்கும் ஊர்தியைச் செய்த ஊரில், நாலு அங்குலப் படியொன்று எங்கள் நண்பரை மளிகைக் கடைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

சரி, படி வரைபடத்தில் எப்போதுதான் ஏறியது? 1970களிலேயே இலண்டனில் சக்கர நாற்காலியரும் மற்றவரும் கலந்த தன்னார்வக் குழுக்கள் ஊரைச் சுற்றி அளந்து வழிகாட்டிக் கையேடுகள் வெளியிட்டன. கையேடு அச்சாகும்போதே பழையதாகிவிடும் என்பது அதன் குறை. 2010இல் பெர்லினில் ரவுல் கிரவுட்ஹவுசன் என்ற சக்கர நாற்காலியரும் அவருடைய நண்பர்களும் வீல்மேப் என்ற தளத்தைத் தொடங்கினர். நண்பர்கள் ஏன் எப்போதும் ஒரே காப்பிக் கடையில் சந்திக்கிறோம் என்று யோசித்ததில் பிறந்த எண்ணம் அது. அந்தக் கடையில் மட்டுமே படியில்லை என்பது உறுதியாகத் தெரியும். மற்றக் கடைகளைப் பற்றித் தெரியாது! படி இருப்பதைவிடப் படி உண்டா இல்லையா என்று தெரியாததே ஒருவரை வீட்டில் இருத்துகிறது என்பதை அவர்கள் சரியாகவே உணர்ந்திருந்தனர்.

வீல்மேப் தனியாக ஒரு வரைபடத்தை வரையவில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்கெனவே உள்ள கடை, வங்கி, உணவகம் ஆகியவற்றின்மீது பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிறங்களைப் பூசியது. வாசலிலும் உள்ளேயும் படியே இல்லையென்றால் பச்சை. வாசலில் ஒரே ஒரு படி, அதுவும் ஏழு சென்டிமீட்டருக்கு மிகாமல், உள்ளே முக்கியமான அறைகளுக்குப் படியின்றிச் செல்லலாம் என்றால் மஞ்சள். மற்றவை சிவப்பு. யாரும் பார்த்துச் சொல்லாதவை சாம்பல். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இது 'ஆம்', 'ஓரளவு', 'இல்லை' என்று பதிவாகிறது. இவற்றோடு படிகளின் எண்ணிக்கை, கதவின் அகலம், நடைபாதை விளிம்பின் உயரம், தரையின் சொரசொரப்பு, பார்வையற்றோர் காலால் உணரும் மேடுகோடிட்ட ஓடுகள் ஆகியவற்றையும் எழுதலாம். ஸ்ட்ரீட் கம்ப்ளீட் என்ற செயலி, நாம் நிற்கும் இடத்தருகே விடையில்லாத கேள்விகளைக் காட்டிப் பதிலைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

சென்னையில் தன்னார்வ வரைபடத்தின் வலிமையைப் பலர் கண்டுகொண்டது 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது. எந்தச் சாலையில் நீர் நிற்கிறது என்று மக்களே குறிக்க, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின்மீது வெள்ள வரைபடமொன்று உருவாயிற்று. விண்ணிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு வீட்டிலிருந்தபடியே தெருவை வரைந்துவிடலாம். படியை அவ்வாறு வரைய இயலாது. கூரையைக் காட்டும் படம் வாசலைக் காட்டுவதில்லை. பெண் யானையோடு எல்லை நடந்தவர்களைப்போல், போய் நின்று பார்த்தே எழுத வேண்டும்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாங்குதளம் அளக்கும் அதே நாடாவை எடுத்துக்கொண்டு நாங்கள் நால்வரும், நாற்காலியில் நண்பருமாக அம்பத்தூர் ஓ.டி.யில் கூடினோம். ஒரு மருந்துக் கடை வாசலில் குத்துக்காலிட்டு அமர்ந்து அளந்துகொண்டிருந்தபோது கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், கார்ப்பரேஷனா?"

"இல்லீங்க, மேப்ல போடறதுக்கு."

"படியையா?"

ஆறு சென்டிமீட்டர். 'ஓரளவு' என்று பதிந்தோம். கடைக்காரர் நண்பரைப் பார்த்தார், படியைப் பார்த்தார், பிறகு ஒரு பலகையைக் கொண்டுவந்து சாய்த்து வைத்தார். எங்களில் ஒருவர் உற்சாகத்தில் பதிவை 'ஆம்' என்று மாற்றப்போனார். நண்பர் தடுத்தார். பலகை இன்றைக்கு இருக்கிறது. நாளை கடைப்பையன் அதை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தால்? 'இல்லை' என்றிருந்தால் அவர் வேறு கடைக்குப் போவார். தவறான 'ஆம்' அவரை இரவு பத்து மணிக்குப் படியின் முன் கொண்டுவந்து நிறுத்தும். கல்வெட்டில் ஓர் எழுத்து சிதைந்திருந்தால் ஊகித்து நிரப்பாமல் புள்ளியிட்டு விடுவது எங்களுக்குப் பழகிய ஒழுங்குதான். இங்கே அதை ஒரு கணம் மறந்தோம்.

அன்றைக்கு மாலைவரை பார்த்தவற்றில் சிவப்பே மிகுதி. ஒரு வங்கிக் கிளையில் சாய்தளம் இருந்தது; அதன் அடியில் நான்கு இருசக்கர வாகனங்கள் நின்றன. வேறோரிடத்தில் சாய்தளம் அத்தனை செங்குத்து, நாற்காலியைவிடச் சறுக்கு மரத்துக்கே ஏற்றது. 12க்கு 1 என்பது விதி. ஒரு சாண் உயரப் படிக்கு ஏறத்தாழ ஒன்பதடி நீளச் சாய்தளம் வேண்டும். கடைவீதியில் ஒன்பதடிக்கு எங்கே போவது?

இங்கேதான் படியின் வரலாறு குறுக்கிட்டது. ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்ட கடைகளிலெல்லாம் ஏறத்தாழ ஒரே விடை: தண்ணீர். தொண்டை மண்டலம் ஏரிகளால் பிழைத்த நாடு. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம். பர்னார்டின் ஆட்கள் கவனமாக எழுதி வைத்தது இத்தகைய ஏரிகளையும் அவற்றின் பாசனத்தையும்தான். பாசன வயல்கள் மனைகளான பின்பும் நீர் பழைய வழியிலேயே வருகிறது. தவிர, சாலையைச் சுரண்டாமலே மேலும் மேலும் தார் போட்டதில் தெரு உயர்ந்துகொண்டே போயிற்று. வெள்ளம் வீட்டுக்குள் வராதிருக்க ஒவ்வொருவரும் தம் வாசலை உயர்த்தினர். ஒருவருடைய அரண் இன்னொருவருக்கு மதிலாயிற்று. படி வைத்தவரைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. 2015இல் இடுப்பளவு நீரில் நின்றவர் அவர்.

இன்னொரு ஞாயிறு பூந்தமல்லி. அரசு பார்வையற்றோர் மேல்நிலைப் பள்ளியும், பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அமைந்த ஊர் அது. வெள்ளைக் கோலை ஊன்றி டிரங்க் சாலையைக் கடப்பவர்களைக் காணாமல் அங்கே ஒருநாள் கழியாது. அவர்களுக்குப் படியின் உயரத்தைவிடப் பேருந்து நிறுத்தம் சரியாக எந்த இடத்தில் என்பதே முக்கியம். மைக்ரோசாஃப்ட் 2018இல் வெளியிட்ட சவுண்ட்ஸ்கேப் என்ற செயலி, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைக் கொண்டு, காதருகே ஒலியெழுப்பித் திசை காட்டியது. 2023இல் நிறுவனம் அதை நிறுத்திவிட்டாலும் நிரலைப் பொதுவில் விட்டுச் சென்றது. தரவு ஏற்கெனவே பொதுவில்தான் இருந்தது. வரைபடத்தில் நிறுத்தத்தின் புள்ளி முப்பதடி தள்ளியிருந்தால் கண்ணுள்ளவர் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். கண்ணில்லாதவர் முப்பதடி தள்ளியே நிற்பார், பேருந்து போய்விடும். நிறுத்தங்களை ஒவ்வொன்றாக நின்று சரிபார்த்தோம். சாதாரண வேலைதான், ஆனால் இவ்வளவு பயன்படக்கூடிய எதையும் நாங்கள் எழுதியதில்லை என்று எங்களில் ஒருவர் சொன்னார். கட்டுரையாளர்களுக்கு இது சற்று வலிக்கக்கூடிய உண்மை!

"இதெல்லாம் அரசு செய்ய வேண்டியதல்லவா?" என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 11.8 லட்சம் பேர். 1995லேயே சட்டம் வந்தது. 2016இல் வந்த புதிய சட்டம், பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுகளுக்குள் தடையற்றதாக்கச் சொன்னது. அந்தக் கெடு 2022இல் முடிந்துவிட்டது. அணுகல் தரங்களைக் கட்டாயமாக்காமல் வெறும் பரிந்துரையாக விட்ட விதியை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று செல்லாது என்றது. சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் நீண்ட வழக்குக்குப் பின்பே 2024இல் மீண்டும் ஓடத் தொடங்கின. சிவப்புப் புள்ளியிட்டுவிட்டால் படி கரைந்துவிடாது என்பதை நாங்கள் அறிவோம். ஆனால் நீதிமன்றத்திலும் மன்றக் கூட்டத்திலும் "எங்கே, காட்டுங்கள்" என்று கேட்கும்போது காட்டுவதற்கு ஒன்று வேண்டும். அதைவிட முக்கியமாக, தீர்ப்பு வாசல்வரை வந்து சேரும்வரை நண்பருக்கு மருந்து வாங்கியாக வேண்டும்.

அந்த மருந்துக் கடையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் 'வரலாறு' என்றொரு பக்கம் உண்டு. யார், எந்நாளில், எதை மாற்றினார் என்று பதிப்பு வாரியாகக் காட்டும். முதற்பதிப்பில் நாங்கள் இட்ட 'ஓரளவு' இருக்கிறது. சில மாதங்கள் கழித்து அத்தெருவில் புதிதாகத் தார் போட்டார்கள். சாலை உயர்ந்து, ஆறு சென்டிமீட்டர் படி தரையோடு தரையாக மறைந்தது. நண்பர் தாமாகவே உள்ளே சென்று மருந்து வாங்கிவந்து, தம் கைப்பேசியில் 'ஆம்' என்று மாற்றினார். அடுத்த மழையில் தண்ணீர் கடைக்குள் புகுந்து கீழ்த்தட்டு மருந்துகள் நனைந்தன. கடைக்காரர் வாசலில் செங்கல் வைத்துக் கட்டி, சிமென்ட் பூசினார். நாங்கள் போய் அளந்தோம். இருபத்திரண்டு சென்டிமீட்டர். மூன்றாம் பதிப்பு 'இல்லை'.